லாரியில் மூன்று இருந்த இடம்

ஓசூர் நீதித்துறை நடுவர் ஐயா முன்பாக, 1989-ஆம் வருடம் ஜூன் மாதத்தில், சாட்சி தன் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் சென்னகிருஷ்ணன். தகப்பனார் பெயர் கரியப்பன். வயது நாற்பத்து நான்கு. தர்மபுரி மாவட்டம் ஓசூர் தாலுகா தொரப்பள்ளி கிராமத்தில் மனைவி ராஜாத்தியுடன் குடியிருக்கிறேன். சிப்காட்டில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எம்.டி. ஐயாவுக்கு டிரைவராக இருக்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். தெலுங்கும் கன்னடமும் பேசுவேன். வண்டி ஓட்டுவது தவிர வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் பட்டதில்லை.

இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் கங்கப்பனை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் எம்.டி. ஐயாவின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், வண்டி வேகமாக ஓடும்போது வேண்டுமென்றே கியர் கம்பியைப் பிடித்து இழுத்துத் தப்பான கியரில் போட்டு என்ஜினை உடைத்துவிட்டான், யூனியன் விரோதத்தில் அப்படிச் செய்தான் என்பது அவன் மேல் கொடுத்திருக்கும் புகார். அதற்கு நான் கண்கண்ட சாட்சி என்று என்னைக் கூட்டி வந்திருக்கிறார்கள். கண்டவன் நான்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கண்டதை முழுவதும் இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கம்பெனிக்கு வருவதற்கு முன் நான் லாரி ஓட்டினேன். கங்கப்பன் எனக்குக் கிளீனராக இருந்தான். கிருஷ்ணகிரி, மத்தூர், திருப்பத்தூர் பக்கம் சரக்கு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போய் வருவோம். அவன் என்னை விட இளையவன், அண்ணா என்றுதான் கூப்பிடுவான். ஒருமுறை மத்தூர் சந்தையில் மூட்டை சரிந்து விழுந்து என் இடது தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டு வைத்தியம் பார்த்தேன். தோள் ஏறியது, பலம் ஏறவில்லை. லாரியின் கியர் கம்பியை இடது கையால்தான் தள்ள வேண்டும் என்பது ஐயாவுக்குத் தெரியும். அந்தப் பழைய லாரியில் கியர் போடுவது வீம்பு பிடித்த எருமையைக் கொம்பைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. என்னால் முடியவில்லை. விஷயம் லாரி முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றியிருப்பார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான்.

அதன் பிறகு கங்கப்பனே ஒரு வழி சொன்னான். கிளட்சை நான் மிதிக்க வேண்டும், கியரை அவன் போட வேண்டும். நான் கிளட்சை மிதித்து, "போடு" என்பேன். அவன் இடது பக்கம் உட்கார்ந்தபடி வலது கையால் கியரைத் தள்ளிவிட்டு, "ஆச்சு" என்பான். அந்தச் சத்தம் கேட்டதும் நான் கிளட்சை விடுவேன். முதலில் ஏகப்பட்ட தகராறு. பல் உரசும், அவன் என்னைத் திட்டுவான், நான் அவனைத் திட்டுவேன். போகப் போக எந்த கியர் என்று சொல்லவே தேவையில்லாமல் போய்விட்டது. என்ஜின் சத்தத்தை வைத்தே அவனுக்குத் தெரியும். கம்பியை அவன் பக்கமாக இழுத்துப் பின்னால் தள்ளினால் அந்த லாரியில் மூன்றாவது கியர். சூளகிரி இறக்கத்தில் லோடோடு வரும்போதெல்லாம் அந்த மூன்றில்தான் இறங்குவோம். இப்படியே எட்டு வருடம் ஓட்டினோம். முதலாளிக்குக் கடைசி வரை தெரியாது. அவன் அன்றைக்கு ஒரு வார்த்தை வெளியே விட்டிருந்தால் நான் எங்கேயாவது மண்வெட்டி பிடித்துக்கொண்டிருப்பேன்.

அதன் பிறகு எனக்குக் கம்பெனியில் டிரைவர் வேலை கிடைத்தது. காருக்கு அத்தனை தோள் பலம் தேவையில்லை. நான் எம்.டி. ஐயாவிடம் சொல்லிக் கங்கப்பனைச் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் சேர்த்துவிட்டேன். அவன் வேலையில் சுத்தம், வாயில் மட்டும் அடக்கம் கிடையாது. யூனியனில் சேர்ந்தான், கமிட்டி மெம்பர் ஆனான். போன ஏப்ரல் மாதம் போனசுக்காக ஸ்டிரைக் நடந்தபோது கேட் வாசலில் நின்று பேசினான். எம்.டி. ஐயா காருக்குள் உட்கார்ந்திருக்க நான் ஓட்டிக்கொண்டு உள்ளே போனபோது காரைப் பார்த்தும் பேசினான். எனக்குக் கோபம்தான் வந்தது. சாயங்காலம் டீக்கடையில், "உனுக்கு வேல குடுத்தவரையே திட்றியேடா" என்றேன். அதற்கு அவன், "அவரையா திட்னன், போனஸ கேட்டன். ரெண்டும் ஒண்ணான்னு நீயே சொல்லுண்ணா" என்றான். ஸ்டிரைக் முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். பர்சனல் ஆபீசர் வெங்கடசாமி மட்டும் அவன் பேரை மறக்கவில்லை.

இனி காரைப் பற்றிச் சொல்கிறேன். அது எம்.டி. ஐயா பெங்களூரில் வாங்கிய பழைய வெளிநாட்டு வண்டி. சிவப்பு நிறம், தரையோடு படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரேதான் ஓட்டுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். எனக்குப் பழக்கிக் கொடுத்ததும் அவர்தான். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார், அதை இல்லை என்று சொல்லக் கூடாது. அந்த வண்டியில் வேகத்தைக் காட்டும் முள் தனி, என்ஜின் சுற்றைக் காட்டும் முள் தனி. சுற்று முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஆக்சிலேட்டரை எவ்வளவு அமுக்கினாலும் ஓரளவுக்கு மேல் அது தாண்டாது, ஆனால் வேகமாகப் போகும்போது கியரைக் குறைக்கையில் ஒரு கியர் தவறிக் கீழே விழுந்தால் சக்கரமே என்ஜினைப் பிடித்துச் சுற்றிவிடும், அப்போது யாராலும் காப்பாற்ற முடியாது என்றார். "முதல்ல பிரேக், ஸ்பீடு குறையட்டும், அப்புறம் கியர். கம்பியைப் பிடிச்சு இழுக்காதே சென்னகிருஷ்ணா, உள்ளங்கையால தள்ளு. அதுவா தன் இடத்துக்குப் போகும். கிளட்சை மெதுவா விடு. சத்தம் ஏறுதுன்னா உடனே திரும்ப மிதி" என்றார். நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு நேராக முன்னால் தள்ளினால் போதும். இடது சீட் பக்கமாகச் சாய்த்துப் பின்னால் தள்ளினால் அந்த வண்டியில் இரண்டாவது. லாரியில் மூன்று இருந்த இடத்தில் இதில் இரண்டு இருக்கிறது என்று நான் அன்றைக்கே மனசில் வைத்துக்கொண்டேன். கங்கப்பனுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றப்போகிறது?

சம்பவம் நடந்த அன்று வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள். சேலத்தில் பழைய கார்கள் வைத்திருப்பவர்கள் கூடுகிறார்கள் என்று எம்.டி. ஐயா முதல் நாளே வேறு காரில் போய்விட்டார். சிவப்பு வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது கங்கப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றுகொண்டிருந்தான். மத்தூரில் அவன் மச்சினிச்சி கல்யாணம். வந்த பஸ்ஸில் எல்லாம் படிக்கட்டு வரை ஆள். வண்டியை நிறுத்தி நான்தான் கூப்பிட்டேன். அவனாக ஏறவில்லை, இதை ஐயா குறித்துக்கொள்ள வேண்டும். "உங்க மொதலாளி பாத்தா எனுக்கு டிஸ்மிசல்தான்" என்று சிரித்தான். "கிருஷ்ணகிரில எறக்கி உட்டுர்றன், ஏறுடா" என்றேன். இடது சீட்டில் யாரையும் ஏற்றக் கூடாது என்று எனக்கு உத்தரவு இருந்தது உண்மைதான்.

அவன் உட்கார்ந்ததும் கால் நீட்டி, "இன்னாண்ணா இது, ரோட்லயே குந்திகினு போறாப்பல கீது" என்றான். பேசிக்கொண்டே போனோம். ஸ்டிரைக் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மச்சினிச்சிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை பற்றியும், பழைய லாரி பற்றியும் பேசினோம். எந்தெந்த இடத்தில் நின்று டீ குடிப்போம், எந்த இறக்கத்தில் பிரேக் சூடாகிப் புகை வந்தது என்றெல்லாம் அவன் சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கும் பழைய நினைப்பு வந்துவிட்டது. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தேன்.

அதன் பிறகு சூளகிரி தாண்டி இறக்கம் வந்தது. ரோடு காலியாக இருந்ததால் நாலாவது கியரில் நல்ல வேகத்தில் இறங்கினேன். வளைவு திரும்பியதும் இடது பக்கத்து மண் பாதையிலிருந்து மாங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டில் ஏறியது. அதன் டிரைவர் எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. எதிரே தூரத்தில் ஒரு பஸ். நான் பிரேக்கை மிதித்தேன். டிராக்டருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழைந்து போக வேண்டும் என்பதால் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து வலது பக்கம் ஒடித்தேன். கிளட்சையும் மிதித்தேன். அப்போது நான்

(நான் இவ்வளவு சொன்னபோது நீதிபதி ஐயா என்னை நிறுத்தினார். இனி நான் சொல்லப்போவது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்றும், அப்படிப்பட்டதைச் சொல்ல நான் கடமைப்பட்டவன் இல்லை என்றும், சொன்னால் என் மேலும் வழக்குப் போட அது பயன்படலாம் என்றும் எடுத்துச் சொன்னார். போலீசாரையும் கம்பெனிக்காரர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, யோசிக்கச் சொல்லி என்னைப் பக்கத்து அறையில் கோர்ட் சேவகர் டவாலியின் துணையோடு உட்கார வைத்தார். டவாலி தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பிறகு கூப்பிட்டு, யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்டார். சொல்லாமல் இருக்கச் சொல்லித்தான் ஆசை காட்டினார்கள், சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்றேன். விட்ட இடத்திலிருந்து சொல்லுகிறேன்.)

அப்போது நான், "போடு" என்றேன்.

நினைத்துச் சொன்னது இல்லை. கிளட்ச் காலுக்குக் கீழே போனது, கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தது, பக்கத்தில் அவன் இருந்தான், வாய் சொல்லிவிட்டது. அவனும் நினைத்துச் செய்யவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே அவன் வலது கை கியருக்குப் போனது. பழைய பழக்கத்தில் தன் பக்கமாக இழுத்துப் பின்னால் ஒரு தள்ளு தள்ளினான். சின்ன வண்டியின் கியர் அந்த பலத்துக்கு எங்கே தாங்கும், முரண்டு பிடித்துவிட்டு உள்ளே விழுந்தது. "ஆச்சு" என்றான். அந்தச் சத்தத்துக்கு என் கால் தானாக விட்டுவிட்டது. மெதுவாக விடு, சத்தம் ஏறினால் திரும்ப மிதி என்று எம்.டி. ஐயா சொன்னதெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் நினைவில் இல்லை. அவன் "ஆச்சு" என்றால் ஆயிற்று, அவ்வளவுதான் என் காலுக்குத் தெரியும்.

அதன் பிறகு என்ஜின் அலறியது. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த வண்டியிலும் கேட்டதில்லை. சுற்று முள் சிவப்பைத் தாண்டி எழுத்தே இல்லாத இடத்தில் போய் நின்றது. பின் சக்கரம் இரண்டும் பிடித்துக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுத்தது. மிக்ஸிக்குள் கரண்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டு என்ஜின் நின்றுவிட்டது. டிராக்டரைத் தாண்டிவிட்டோம், பஸ்காரனும் ஒதுங்கிவிட்டான். வண்டி சறுக்கிக்கொண்டே போய் இடது ஓரத்துக் கல்வெர்ட் சுவரில் கங்கப்பன் உட்கார்ந்திருந்த பக்கமாக மோதி நின்றது. ரோடு முழுக்க ஆயில். கங்கப்பனின் வலது கை டாஷ்போர்டில் அடிபட்டு மணிக்கட்டு தொங்கிப்போயிற்று. புது வேட்டியெல்லாம் ரத்தம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான். "மூணு தானேண்ணா போட்டன்?" என்றான்.

இரண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டுமென்று என்ஜினை உடைத்தவன் அப்படிக் கேட்பானா என்பதை ஐயா யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு பஸ்ஸில் வந்தவர்கள் அவனைத் தூக்கிக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டியை விட்டு வரக் கூடாது என்று நான் அங்கேயே இருந்தேன். சாயங்காலம் எம்.டி. ஐயாவும் வெங்கடசாமியும் வந்தார்கள். எம்.டி. ஐயா வண்டியைச் சுற்றி வந்து, என்ஜினில் கை விட்டால் உள்ளே போகும்படி ஓட்டை விழுந்திருந்ததைக் குனிந்து பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. என்ன ஆயிற்று என்று வெங்கடசாமி கேட்டதற்கு, "கங்கப்பன் கை கியர்ல பட்டு ரெண்டாவதுல உழுந்துடுச்சுங்க" என்றேன். மேற்கொண்டு சொல்ல வாயெடுப்பதற்குள், "கங்கப்பனா? யூனியன் கங்கப்பனா?" என்றார். அதற்கு மேல் என்னைச் சொல்ல விடவில்லை.

மறுநாள் போலீசில் விசாரித்தார்கள். கியரில் கை வைத்தது யார் என்று கேட்டார்கள், கங்கப்பன் என்றேன். நீ வைக்கச் சொன்னாயா என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லப் போனபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார்கள். எழுதியதில் கையெழுத்தும் வாங்கவில்லை. அதன் பிறகு வெங்கடசாமி என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த ரூமில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. ஏற்கெனவே சொன்னதையே கோர்ட்டிலும் சொன்னால் போதும், ஆளை ஏற்றிய தப்பை எம்.டி. மன்னித்துவிடுவார், உன் வேலைக்கு ஒன்றும் வராது என்றார். தோள் விஷயமும் லாரி விஷயமும் இங்கே யாருக்கும் தெரியாது, தெரிந்தால் எந்தக் கம்பெனி உன்னை ஸ்டியரிங்கில் உட்கார வைக்கும் என்றும் கேட்டார். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் விழித்தேன்.

கோர்ட்டில் நடந்ததை முழுவதும் சொல்லப்போகிறேன் என்று நேற்று என் மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள். "கேக்காததுக்கு நீங்க ஏன் போயி பதில் சொல்றீங்க? அந்தண்ணன் மேல எனுக்கு மட்டும் பாசம் இல்லியா?" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வேலை போனால் இந்தத் தோளை வைத்துக்கொண்டு எனக்கு வேறு வேலை இல்லை.

இன்று காலை இந்தக் கோர்ட் வாசலில் வெங்கடசாமி என்னிடம் வந்து, இனி உனக்குக் கவலையே வேண்டாம், அவனே ஒத்துக்கொண்டான் என்றார். ஆஸ்பத்திரியில் போலீசார் விசாரித்தபோது கங்கப்பன் சொன்னதை எனக்குச் சொல்லிக் காட்டினார். "நானாத்தான் கை வெச்சன். அண்ணன் ஒண்ணும் சொல்லல. அவர் ரோட்டப் பாத்து ஓட்டிகினு இருந்தாரு" என்று சொல்லியிருக்கிறான். என் தோளைப் பற்றியும் லாரியில் கியர் போட்ட பழக்கத்தைப் பற்றியும் சொன்னவனும் அவன்தான், கை பழக்கதோஷத்தில் போனது என்று காட்டுவதற்காகச் சொல்லியிருக்கிறான்; வெங்கடசாமிக்குத் தெரிந்தது அப்படித்தான். ஆனால் நான் "போடு" என்றதை மட்டும் விழுங்கிவிட்டான். அவன் சொன்னதில் பழக்கத்தை விட்டுவிட்டு, கை வைத்ததை மட்டும் இவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வெங்கடசாமி மேல் வந்ததை விட அவன் மேல்தான் அதிகம் வந்தது. கை ஒடிந்து கட்டோடு படுத்திருக்கிறவன், வேலை போய் ஜெயிலுக்கும் போகப்போகிறவன், எட்டு வருடம் என்னைக் காப்பாற்றியது போதாது என்று இன்னும் காப்பாற்றப் பார்க்கிறான். யார் கேட்டது இவனை? எனக்கென்று ஒரு வாய் இல்லையா?

நீதிபதி ஐயா என்னிடம், கங்கப்பனே நீ ஒன்றும் சொல்லவில்லை என்கிறபோது நீ சொன்னாய் என்பதற்குச் சாட்சி யார் என்று கேட்டார். வண்டியில் இரண்டு சீட்தான், இரண்டிலும் நாங்கள்தான் இருந்தோம், வேறு சாட்சி இல்லை என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கியர் போட்டது அவன் கை, போடச் சொன்னது என் வாய், கிளட்சை விட்டது என் கால், இந்த மூன்றும் சேர்ந்துதான் என்ஜின் உடைந்தது, இதில் விரோதம் எங்கே இருக்கிறது என்று வெங்கடசாமிதான் காட்ட வேண்டும் என்றேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "போடு" என்ற வார்த்தை அதில் இருக்கிறதா என்று நானே ஒருமுறை வாங்கிப் பார்த்தேன், இருக்கிறது. இதில் நான் சொன்னது எல்லாம் நிஜம். கங்கப்பன் போலீசில் சொன்னதும் நிஜம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அவன் சொன்னது ஒன்று மட்டும் பொய்.

(ஒப்பம்) க. சென்னகிருஷ்ணன்